ஓடைக்குள் நிற்கும் பீடம்

கோடையில் சேத்தூருக்கு மேற்கே மலைக்காடு எரிந்துபோனது. இனி மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் ஊருக்குள் பாயும், ஓடையை அகலப்படுத்த வேண்டும் என்றார் இன்ஜினியர். ஆனால் ஓடைக்குள் கருப்பசாமி பீடம் இருந்தது. அதை நகர்த்தலாமா என்று பூக்கட்டிப் பார்த்தோம். சாமி முன் போட்ட இரண்டு பொட்டலங்களில் வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. ஓடையோரம் முதல் வீடு எங்களுடையது என்பதால் என்னையே பொட்டலம் எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது.

"சாமி நகர மாட்டாரு சார். நீங்க வேணா தண்ணிய நகத்துங்க" என்றார் பூசாரி. எல்லாரும் சிரித்தோம். இன்ஜினியர் சிரிக்கவில்லை.

நேற்று மலையில் மழை. சாம்பல் கலந்து கறுப்பாக வந்த தண்ணீரில் கரிக்கட்டைகள் பீடத்தில் முட்டி அடைத்துக்கொண்டன. வெள்ளம் எங்கள் வாசற்படி வரை ஏறி வடிந்தது.

இன்று மேற்கே மறுபடியும் இருட்டுகிறது. என் மனைவி பீடத்தின் பக்கம் பார்த்துக் கும்பிடுகிறாள்.

"இங்கனயே இருக்கேன்னு சொன்னது நீதானய்யா. எங்களையும் இருக்க விடு."