சித்தப்பா காரின் பேஸ் குமிழ்

என் சித்தப்பாவுக்குக் கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்த வருஷங்களில், அவருடைய அன்பு முழுக்க ஒரு பழைய நீல நிறக் காரின் மேல்தான் இருந்தது. செகண்ட் ஹாண்டில் வாங்கியது. பின்கதவைத் திறக்க வெளியிலிருந்து ஒரு குத்தும் உள்ளிருந்து ஒரு உதையும் வேண்டும். அந்தக் கதவைச் சரிசெய்வதை விட்டுவிட்டு, அவர் முதல் வேலையாக டிக்கியில் பெரிய ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை வைத்தார். அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில் காரைக் காலையில் விட்டு மாலையில் எடுத்துவந்தார். சாந்தோமில் எங்கள் தெருவுக்குள் கார் நுழைந்தபோது, மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா, எங்கேயோ கட்டடம் இடிக்கிறார்கள் என்று நினைத்தாளாம்.

அந்த ஊஃபருக்கென்று தனியாக ஒரு குமிழ் உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே, கியர் பக்கமாக, பாட்டில் மூடி அளவில் கறுப்பாக இருக்கும். கடைக்காரர் அதை 'பேஸ் நாப்' என்று சொல்லிக் கொடுத்திருந்தார். பாட்டின் சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாட்டு அதுபாட்டுக்கு ஓடும்; இதைத் திருப்பினால் டிக்கிக்குள்ளிருந்து வரும் 'தும் தும்' மட்டும் கூடும் அல்லது குறையும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு அளவு என்பது சித்தப்பாவின் கொள்கை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் இம்மி இம்மியாகத் திருப்பி, "இப்ப கேளு" என்பார். எனக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரிதான் கேட்கும். ஆனாலும் "சூப்பர் சித்தப்பா" என்பேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. "எதை வேணா தொடு, இதுல மட்டும் கை வச்சிடாத. ஆம்ப் போயிடும்" என்று சொல்லியிருந்தார். ஆம்ப் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. போய்விடக்கூடியது என்று மட்டும் தெரியும்.

தம்பிக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. ஒரு வார்த்தைகூட வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், பல நேரம் திரும்பமாட்டான். அம்மா டீச்சர். வருஷக்கணக்காகச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. "இவனுக்குக் காது டெஸ்ட் பண்ணிடலாங்க" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க. நான் மூணு வயசுலதான் வாயத் தொறந்தேனாம்" என்பார் அப்பா. அதற்குப் பிறகும் அவர் அதிகம் திறந்ததில்லை என்பது வேறு விஷயம்.

இந்த வாக்குவாதத்தை முடித்துவைத்தது சித்தப்பாவின் கார். ஒரு ஞாயிறு பூசை முடிந்து எல்லோருமாக பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். தம்பி பின் சீட்டில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். சித்தப்பா பாட்டைப் போட்டுக் குமிழைத் திருப்பினார். தம்பி சட்டென்று திரும்பி, சீட்டின் சாய்மானத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு சிரித்தான். பிறகு முழங்காலை மடக்கி மடக்கி ஆடினான். தாளம் தப்பவே இல்லை. பாட்டு நின்றதும் நின்றான். மறுபடி போட்டதும் ஆடினான்.

"பாருங்க அண்ணி, காது கேக்காத புள்ள பண்ற வேலையா இது? நம்ம கோயில் கொயர்லகூட இப்படித் தாளம் புடிக்கிற ஆள் இல்ல" என்றார் சித்தப்பா.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த வாரம் டாக்டரைப் பார்க்க வாங்கியிருந்த நேரத்தை அப்பா ரத்து செய்தார். அதன்பின் சொந்தக்காரர்கள் யாராவது "பையன் இன்னும் பேசலையா?" என்று கேட்டால், சித்தப்பா கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தம்பி ஆடிக் காட்டுவான். வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள்.

கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க தி.நகர் போனோம். கூட்டத்தில் தம்பியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாதென்று, பாண்டி பஜாருக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் காரை நிறுத்தி, எங்கள் இருவரையும் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் கடைக்குப் போனார்கள். சித்தப்பா ஏ.சி.யையும் பாட்டையும் ஓடவிட்டு, காரின் மேலேயே சாய்ந்துகொண்டு வெளியில் நின்று போன் பேச ஆரம்பித்தார். முதுகு மட்டும் தெரிந்தது.

நான் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து குமிழைத் தொட்டேன். சும்மா தொட்டதோடு விட்டிருக்கலாம். ஒரேயடியாகக் கடைசிவரை திருப்பினேன்.

கண்ணாடிகள் அதிர்ந்தன. பின்னால் நின்றிருந்த ஆட்டோக்காரர், "இன்னா நைனா, வண்டிக்குள்ள கல்லு ஒடைச்சிக்கினு கீறியா?" என்று கத்தியது எனக்கே கேட்டது. சித்தப்பா திரும்புவதற்குள் குமிழை மறுபக்கம் கடைசிவரை திருப்பிவிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். நான் சிரித்தேன். அவர் போனுக்குத் திரும்பினார்.

ஆம்ப் போய்விட்டது என்றுதான் முதலில் பயந்தேன். ஆனால் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின் சீட்டில் ஆடிக்கொண்டிருந்த தம்பிதான் நின்றுபோயிருந்தான். சாய்மானத்தைத் தட்டினான். கன்னத்தை அதில் வைத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் குமிழைக் கொஞ்சம் கூட்டினேன், சிரித்தான். குறைத்தேன், சிரிப்பு நின்றது. நாலைந்து தடவை விளையாட்டாகவே செய்தேன். பிறகு குமிழைப் பூஜ்யத்தில் விட்டுவிட்டுப் பாட்டின் சத்தத்தை மட்டும் கூட்டினேன். பாடுகிறவர் என் காதுக்குள்ளேயே வந்து கத்தினார். தம்பி ஜன்னல் வழியே பலூன்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் எட்டி அவன் காதுக்குப் பக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் பலூனைத்தான் பார்த்தான்.

போய்விட்டது ஆம்ப் இல்லை, என் தம்பியின் காது. நான் அவ்வளவு வேகமாகத் திருப்பியதில் அவனுக்குள்ளே ஏதோ அறுந்துவிட்டது.

அடுத்த மூன்று நாளும் அவனுக்குப் பின்னால் நின்று கைதட்டினேன், விசில் ஊதினேன், தட்டைப் போட்டு உடைத்துத் திட்டு வாங்கினேன். அவன் திரும்பவில்லை. சாயங்காலம் சித்தப்பா காரில் ஏற்றினால் மட்டும் வழக்கம்போல் ஆடினான். எல்லோரும் சிரித்தார்கள். காது கேட்க வேண்டுமானால் இவன் ஆயுசுக்கும் இந்தக் காரிலேயே குடியிருக்க வேண்டியதுதான் என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டியது.

நான்காம் நாள் காலை, பள்ளிக்கூடத்துக்கு அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாதியில் அம்மாவின் கை நின்றது.

"திருப்பிச் சொல்லு. பாட்டு ஓடிட்டு இருந்துச்சா?"

"ஆமாம்மா. சத்தமா."

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒற்றைப் பின்னலோடு என்னையும் இழுத்துக்கொண்டு கீழே போனாள். சித்தப்பா வாயில் பிரஷ்ஷோடு சாவியைக் கொண்டுவந்தார்.

"அன்னிக்குப் பண்ணின மாதிரியே பண்ணு" என்றாள்.

செய்து காட்டினேன். தம்பி சிரித்தான், நின்றான், சிரித்தான், நின்றான். பிறகு அம்மாவே கையை நீட்டிக் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பாட்டைச் சத்தமாக வைத்து, அவனுக்குப் பின்னால் நின்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அவன் கேட்டின் மேல் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சித்தப்பா நுரையைத் துப்பினார். "அண்ணி, நான் வந்து..." என்று ஆரம்பித்துவிட்டு, பாட்டை நிறுத்தினார்.

"அம்மா, நான் திருப்பினதாலதான் போயிடுச்சா?"

அம்மா என் முன்னால் உட்கார்ந்தாள். "நீ எதையும் கெடுக்கலடி. அவனுக்குப் பொறந்ததுலேருந்தே அப்படித்தான் இருந்திருக்கு."

பிறந்ததிலிருந்தே என்றால் நான் இல்லை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் அப்படியே இறங்கியது. அந்த ஒற்றைப் பின்னலோடு தெருவில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் அவனை உட்காரவைத்துப் பார்த்தார்கள். "பாட்டை அவன் கேக்கலம்மா. கையாலயும் உடம்பாலயும் தொட்டுப் பாத்திருக்கான்" என்றார் டாக்டர். இரண்டு காதிலும் மிகக் குறைவாகத்தான் கேட்கிறது, ஆனால் சரியான வயதில் வந்திருக்கிறீர்கள், மெஷின் வைத்துப் பயிற்சி கொடுத்தால் கேட்கும், பேச்சும் வரும் என்றார். அப்படியே வந்தது. முதல் மெஷினை வாளித் தண்ணீரில் போட்டான். முதல் வார்த்தையாக 'வேணாம்' என்றான். இப்போது கல்லூரியில் படிக்கிறான். சாப்பிடும்போதாவது வாயை மூடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்த நாளில் என்னைக் குழப்பியது ஆஸ்பத்திரி கேன்டீன்தான். அப்பா தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். சித்தப்பா உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா பொங்கல் வாங்கிச் சாம்பாரை மேலே ஊற்றி, வேகவேகமாகச் சாப்பிட்டாள். பிறகு இரண்டு வடை. பிறகு, "நீ சாப்பிடலையா?" என்று என் இட்லியையும் எடுத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்கத் தட்டை அளைந்துவிட்டு எழுந்துபோனவள். அம்மா அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. பெற்ற பிள்ளைக்குக் காது கேட்காது என்று சொல்லியிருக்கிறார்கள், இவளுக்குப் பசிக்கிறதே என்று எனக்குக் கோபமாக வந்தது. டாக்டர் சொன்னது அம்மாவுக்குச் சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது என்று அப்பாவின் காதில் மெதுவாகச் சொன்னேன்.

அப்பா நிமிர்ந்து அம்மாவின் காலித் தட்டைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அவளுக்கு இன்னொரு பொங்கல் வாங்கிவந்தார்.