வைரவனாறு என்று சொன்னவர்

உத்தமபாளையம் அருளம்மாள் அவர்கள் சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்குத் தம் வீட்டில் காலமானார். அவருடைய கணவர், கம்பவுண்டர் சவரியார், ஆள் அனுப்பித் தெரிவித்தார். ஏழு மணிக்கு நான் நேரில் போய்ப் பார்த்தேன். இருதய நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வயது நாற்பத்து நான்கு என்று கணவர் சொன்னார். ஞானஸ்நானச் சீட்டின்படி நாற்பத்தாறு. சீட்டையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் என்னிடம் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. இருபது வருஷத்துக்கு முன் நான் செய்தி அனுப்பும் நாளிதழில் அவருடைய தம்பியின் மரணத்தைப் பற்றி மூன்று வரிச் செய்தி வந்தது. அதில் ஒரு பிழை. அது திருத்தப்பட வேண்டும் என்றார். அவர் கண் மூடும்வரை அது நடக்கவில்லை. எப்படி நடக்காமல் போயிற்று என்பதையும் சேர்த்தே இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

யுத்தம் தொடங்கிய வருஷம் சவரியார் உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தார். மலைமேல் எஸ்டேட் மானேஜர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது, தம் மலேரியாவைக் கவனித்ததற்காக ஒரு பேட்டரி ரேடியோவை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் தெருவில் அது ஒன்றுதான். யுத்தச் செய்தி கேட்கத்தான் நான் முதலில் அந்த வீட்டுக்குப் போனேன். ஆனால் ஞாயிறு மாலை ஒலிபரப்பான வினாவிடை நிகழ்ச்சிதான் என்னை வாராவாரம் அங்கே இழுத்தது.

நிலையத்தில் படித்தவர்கள் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கேள்வி கேட்பார். அவர்கள் வாய் திறப்பதற்குள் நாங்கள் சொல்லிவிட வேண்டும். அவர்கள் தெரியாமல் விழித்தால் எங்களுக்குப் பதினைந்து துடிப்பு அவகாசம். வீட்டில் விநாடி முள் உள்ள கடிகாரம் இல்லை. சவரியார், தம் பக்கத்தில் இருப்பவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுவார். ரேடியோ சொல்வதே முடிவு. அதிகம் தோற்றவர் மறுநாள் பேட்டரியைப் பஸ்ஸில் ஏற்றிக் கம்பம் ரைஸ் மில்லுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் செய்துவர வேண்டும். அமிலம் வேட்டியில் பட்டால் ஓட்டை விழும். என்னிடம் அப்படி மூன்று வேட்டிகள் இருக்கின்றன.

அருளம்மாள் அவர்கள் கன்னியர் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். மருந்துப் பொட்டலம் மடிக்க வாங்கும் பழைய பத்திரிகைகளைச் சதுரமாக வெட்டுவது அவர் வேலை. வெட்டுமுன் ஒவ்வொரு தாளையும் படித்துவிடுவார். அரைகுறையாகக் கிழிந்த செய்திகளால் ஆன படிப்பு அது. எகிப்தில் ஓர் அரசன் பட்டத்துக்கு வந்தது தெரியும். பிறகு என்ன ஆனான் என்று தெரியாது.

ஒருமுறை, மனித உடலில் மிக நீளமான எலும்பு எது என்று கேட்டார்கள். சவரியார் தொண்டையைக் கனைப்பதற்குள் அந்த அம்மாள் சொல்லிவிட்டார்.

"தொடை எலும்பு."

"ஆசுபத்திரியில இத்தன வருசமா நான் என்னத்தக் கிழிச்சேன்?" என்றார் சவரியார்.

"நீக மருந்தைக் கலக்குனீக. நான் கறியாக்குனேன்," என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நிருபரய்யா, நாளைக்குக் கம்பத்துக்குப் பஸ்ஸு எத்தன மணிக்கு?"

அந்த அரைமணி நேரத்தில் அவர் முகம் வேறாக இருக்கும். கேள்வி பாதி வரும்போதே முந்தானையை இடுப்பில் செருகி முன்னால் சாய்ந்துவிடுவார். ஜெயித்தால் தரையை இரண்டு தட்டு தட்டுவார். பரிசு கிடையாது, பார்க்க எங்களைத் தவிர ஆள் கிடையாது. அப்படியும் அதைவிடப் பெரிய சந்தோஷம் அந்த வீட்டில் எனக்குத் தெரிந்து இருந்ததில்லை. குழந்தைகள் இரண்டும் சிறுவயதிலேயே தவறிவிட்டன.

இந்த ஆண்டு ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரியாற்று அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து நம் பக்கம் வந்ததும் முதலில் எந்த ஆற்றில் விழுகிறது என்று கேட்டார்கள்.

"வைரவனாறு," என்றார் அருளம்மாள், கேள்வி முடியுமுன்.

நிலையத்திலிருந்தவர் வைகை என்றார். சரியான விடை என்று மணி அடித்தார்கள்.

"தப்பு," என்றார் அந்த அம்மாள்.

"ரேடியோ சொன்னா சொன்னதுதானம்மா. நம்ம ஆட்டத்து விதி," என்றேன்.

"விதி கெடக்கு. வைகை எங்கன, கூடலூரு எங்கன? நான் பொறந்த ஊரு தண்ணிய எனக்கே சொல்லிக் குடுக்காகளா?"

நான் சிரித்தேன். "நானே பேப்பருல வைகைன்னுதான் எழுதிட்டு வாரேன். மதுரையில இருக்கவனுக்கு வைரவனாறுன்னா என்ன தெரியும்? எல்லாம் அச்சுல வந்தாச்சும்மா."

நான் அப்படி எழுதிவந்தது உண்மை. இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து செய்தி அனுப்புகிறவர்கள் எல்லோருக்கும் அந்த வழக்கம் உண்டு. சிற்றாறுகளின் பெயரை வெளியூர் வாசகர் அறியமாட்டார் என்று எல்லாவற்றையும் வைகை என்றே எழுதிவிடுவோம்.

நாடி எண்ணச் சவரியார் பிடித்திருந்த கையை அருளம்மாள் விடுவித்துக்கொண்டு உள்ளே போனார். ஜெபப் புத்தகத்துடன் வந்தார். அதற்குள் ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. கூடலூர் அருகே ஓர் ஊரைச் சேர்ந்த அந்தோணி என்ற வாலிபர் வைகையாற்றில் விழுந்து இறந்ததாகத் தெரிகிறது என்று அதில் இருந்தது.

"இதுவும் நீக எழுதுனதா?"

நான் நிருபரான புதிதில் அனுப்பிய செய்தி. ஆம் என்றேன்.

அவர் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. "தண்ணி தொறக்குற நாளு. ஆத்துக்குள்ள மாடு கெட்டிக் கெடந்துச்சு. அதை அவுக்கத்தான் எறங்குனான். நான் கரையில நிக்கேன். என் கண்ணு முன்னாடி வைரவனாத்துலதான் போனான்," என்றார்.

உடல் நான்கு நாள் கழித்து, வெகு தூரம் கீழே, அந்தத் தண்ணீர் வைகையில் சேருமிடத்தில் கிடைத்தது. அதற்குள் பத்திரிகை ஊருக்கு வந்துவிட்டது. கூடலூர்ப் பக்கத்துப் பையனுக்கு வைகையில் என்ன வேலை, அவ்வளவு தூரம் போய் விழுந்தான் என்றால் தானாகத்தான் விழுந்தான் என்று ஊரில் பேசினார்கள். தற்கொலை செய்துகொண்டவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. மதிலுக்கு வெளியே, ஜெபம் இல்லாமல், அந்தோணியைப் புதைத்தார்கள்.

"நான் பாத்தேன்னு சொன்னேன். நீ அக்காகாரி, அப்படித்தான் சொல்லுவ, அச்சுல இருக்கே தாயின்னாக," என்றார். பிறகு, "ரேடியோவுக்கு ஒரு கடுதாசி போடுங்க. உங்க பேப்பருக்கும் ஒண்ணு போடுங்க."

வானொலி நிலையத்துக்கு அந்த வாரமே எழுதினேன். மூன்றாம் ஞாயிறு, நிகழ்ச்சி தொடங்குமுன், உத்தமபாளையத்து நேயர் ஒருவர் சுட்டிக்காட்டியபடி சரியான விடை வைரவனாறு என்று வாசித்தார்கள். அருளம்மாள் தரையை இரண்டு தட்டு தட்டினார். "நேயராமுல்ல!" என்று கணவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னிடம், "ரேடியோவே ஒத்துக்கிருச்சு. பேப்பருக்கு?" என்றார்.

எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. திருத்தம் போட வைக்காத நிருபர் என்று ஆசிரியர் ஒருமுறை என்னைப் பற்றிச் சொல்லியிருந்தார். அந்தப் பெயரை விட மனம் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும், ரேடியோவைத் திருப்புமுன், அந்த அம்மாள் ஒரே ஒருமுறை, "பேப்பருக்கு?" என்பார். நான் தலையாட்டுவேன். பிறகு எல்லோரும் விளையாடுவோம். அவர் பழையபடியே முன்னால் சாய்ந்து, என்னைக் கேலி செய்துகொண்டே விளையாடினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து, அவசரம் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அவசரம் உண்டு என்பது எனக்குத் தெரிந்தும் இருந்தது. வைரவனாற்றுக் கேள்விக்கு மறுநாளே சவரியார் ஆஸ்பத்திரி வாசலில் என்னை நிறுத்தினார். "நேத்துக் கையைப் பிடிச்சிருந்தேன்ல. நாடி மூணுக்கு ஒண்ணு விடுது. அவகிட்டச் சொல்லல. நீங்களும் சொல்லாதீக." மதுரைக்கு அழைத்துப் போனார், அங்கே டாக்டர்கள் ஓய்வு வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசி ஞாயிறு அவர் கட்டிலில் படுத்திருந்தார். ரேடியோவைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தோம். பத்துக் கேள்வியில் நான்குக்குத்தான் வாய் திறந்தார். ஒன்று சரி.

"நாந்தான் தோத்தேன். கம்பத்துக்கு என்னால ஆகாது. எனக்குப் பதிலா நீக போயிட்டு வாங்க," என்றார். அன்று அவர் பேப்பரைப் பற்றிக் கேட்கவில்லை.

திங்கள் காலை பேட்டரியைக் கொண்டுபோனேன். மில்லில் அது சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தபோது கம்பம் தபாலாபீஸில் உட்கார்ந்து ஆசிரியருக்கு எழுதி அனுப்பினேன். மாலையில் வந்து சொன்னேன்.

"எந்த ஆறுன்னு போட்டீக?"

"வைரவனாறு."

"மாட்டை அவுக்க எறங்குனான்னு போட்டீகளா?"

போடவில்லை. ஆற்றின் பெயரை மட்டும் திருத்தியிருந்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மறுநாள் காலை இறந்தார்.

அவர் விருப்பப்படி பிறந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். மதிலை ஒட்டி, உட்பக்கம் குழி. வெளிப்பக்கம், மதிலிலிருந்து ஐந்தடி தள்ளி, அந்தோணி. நான் அளந்து பார்த்தேன். நடுவில் ஒன்றரை அடிக் கனத்தில் செங்கல் மதில். சவரியார் இரண்டு பக்கமும் போய் ஒவ்வொரு கைப்பிடி மண் போட்டார்.

அம்மா, நான் எழுதியது தவறு. நீங்கள் பார்த்ததே சரி. இதை நீங்கள் கேட்க எழுதியிருக்க வேண்டும். போய் வாருங்கள்.

ஆசிரியரின் பதில் தந்தி அடக்கத்தன்று கிடைத்தது: ஆற்றின் பெயர்த் திருத்தம் வரும் வியாழக்கிழமை வெளியாகும். மாட்டை அவிழ்க்க இறங்கினார் என்ற வரியைச் சேர்க்கும்படி அன்றே தந்தி கொடுத்தேன். இதை எழுதும்வரை அதற்குப் பதில் இல்லை. அந்தோணியின் குழியை ஜெபித்து மந்திரிப்பதா என்பதை, அந்த ஊர்ப் பங்குச் சாமியார் திருத்தத்தை அச்சில் பார்த்த பிறகே முடிவு சொல்வதாகவும், மந்திரிப்பது என்று முடிவானால் கல்லறைத் திருநாளன்று மதிலுக்கு வெளியே வருவதாகவும் சொல்லியிருக்கிறார். அதற்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.