மீனவர் சொன்னதை மாற்றிச் சொன்னேன்

நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். மூன்று வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் விடுமுறைக்கு என் மகளின் பிள்ளைகள் கனடாவிலிருந்து வந்திருந்தார்கள். பேத்திக்குப் பதினைந்து வயது, பேரனுக்குப் பதின்மூன்று. அவர்களை ஹெந்தளைக் கடலுக்குக் கூட்டிச் செல்ல வேன் பிடித்து, நேர அட்டவணையும் எழுதிவைத்தேன்.

அந்த மாதத்தில் நம் பக்கத்துக் கடல் மோசம் என்பது எனக்குத் தெரியாததல்ல. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் ஒருவரும் எழுந்து வந்து, இன்று இறங்க வேண்டாம், அடியில் இழுக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். பிள்ளைகளுக்குச் சிங்களம் தெரியாது.

"என்னவாம், அம்மப்பா?" என்றாள் பேத்தி.

"மீன் வேணுமோ எண்டு கேக்கிறார். நீங்கள் போய்க் குளியுங்கோ."

போட்ட திட்டம் குலையக் கூடாது என்ற வீம்பு. வேறு காரணமில்லை.

ஐந்து நிமிடத்தில் பேரனைக் கடல் இழுத்தது. அந்த மீனவரே பாய்ந்து அவனைக் கரை சேர்த்தார். அவனுக்கு மூச்சுத் திரும்பியதும் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"இப்பவும் மீன் வேணுமோ எண்டுதான் கேக்கிறாரோ, அம்மப்பா?" என்றாள் பேத்தி.

அங்கேயே உண்மையைச் சொன்னேன்.

இந்த வருடமும் வந்தார்கள். நான் கடல் பக்கம் கூட்டிப்போவதில்லை. யார் சிங்களத்தில் பேசினாலும் ஒரு சொல் விடாமல் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பேத்தி கேட்டுக்கொள்கிறாள். பிறகு வேன் சாரதியிடம் ஆங்கிலத்தில் இன்னொரு தடவை கேட்கிறாள்.