இரண்டாவது கிளிக்

மென்பொருள் அலுவலகத்தில் அவளுக்கு ‘டெலிபோன் அக்கா’ என்றே பெயர். மருத்துவமனைத் தொலைபேசி மேசையில் பன்னிரண்டு ஆண்டுகள் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்தவள். முப்பத்தேழாம் வயதில் தானே நிரல் எழுதக் கற்று, அதே மருத்துவமனைக்கு முன்பதிவுப் பக்கம் அமைத்துத் தந்தவள். அந்தப் பக்கம்தான் இன்று அவள் மானத்தை வாங்கிற்று. பலர் பதிந்த நேரங்கள் பதிந்த கணமே ரத்தாயின. மாலைக்குள் சீராகாவிட்டால் பழைய தொலைபேசியே போதும் என்று மருத்துவமனை சொல்லிவிட்டது.

“நூறு தடவ பார்த்துட்டேன்க்கா, நம்ம பக்கம் கோளாறே இல்ல. ஜனங்களுக்குக் கிளிக் பண்ணத் தெரியல,” என்றான் வயதில் இளைய குழுத் தலைவன்.

“தெரியாதவங்களுக்குத்தானே தம்பி செஞ்சோம்?”

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான அவருக்கு அந்த மருத்துவமனையில் வாரம் இருமுறை டயாலிசிஸ். வியாழக்கிழமைக்கு அவர் பதிந்த நேரமும் காணாமல் போயிருந்தது.

“வாங்க இன்ஜினியரம்மா! உன் பட்டன் என்னை நடுவழியில இறக்கி விட்டுடுச்சே!”

“கிண்டல் அப்புறம். பதிஞ்சு காட்டுங்கண்ணா.”

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவர் விரலையே பார்த்தாள். டக், டக்.

“எதுக்கு ரெண்டு தட்டு?”

“ஃபோல்டரைத் திறக்க ரெண்டு தட்டுன்னு நீதானே சொல்லிக்குடுத்தே? ஒரு தட்டுக்கு எந்தக் கம்ப்யூட்டர் மதிக்குது?”

அவளுக்குச் சுரீரென்றது. முதல் கிளிக்கில் நேரம் பதிவாயிற்று. பதிந்த அந்த இடத்திலேயே ‘ரத்து செய்’ பட்டன் தோன்றும்படி அழகு பார்த்து வைத்தவள் அவளேதான். இரண்டாவது கிளிக் அதன் தலையில் விழுந்தது. அலுவலகத்தில் எல்லாரும் ஒரே முறை தட்டுபவர்கள். நூறு சோதனையிலும் அது எப்படித் தெரியும்?

தலைவனை அழைத்தாள். “தம்பி, தப்பு ஜனங்க கையில இல்ல. என் கையில.”

அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே திருத்தி எழுதினாள். முதல் கிளிக்குக்கு மருத்துவமனையின் பதில் வரும்வரை பதிவு செய்யும் பட்டன் வேறெந்தக் கிளிக்கையும் ஏற்காது. ரத்து செய்யும் பட்டன் மறுகோடிக்குப் போயிற்று, ‘உறுதிதானா?’ என்று கேட்டுவிட்டே வேலை செய்யும்.

“இப்போ தட்டுங்க.”

அவர் ஹாரன் அடிப்பதுபோல் ஐந்து முறை அடித்தார். வியாழன் காலை ஏழு மணி, ஒரே பதிவு, அசையாமல் நின்றது. மாலையில் மருத்துவமனையும் அந்தப் பக்கத்தை ஏற்றுக்கொண்டது.

வியாழனன்று துணைக்குப் போனாள். பக்கத்துப் படுக்கைக்காரரிடம் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்: “என் தங்கச்சி செஞ்ச பட்டன் சார். எத்தனை தட்டு தட்டினாலும் ஒரே பேச்சு. அப்படியே அவ குணம்!”

அவள் கேளாதவள்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகம் மட்டும் மலர்ந்துவிட்டது.