வரிசையில் நிற்காதவர்

‘எல்லோரையும் சமமாக நடத்தும் பொறுமைசாலி, நடுநிலை தவறாதவர், குரல் உயர்த்தாதவர்’ என்று சமூகக் கல்வி நிலையத்தின் சம வாய்ப்பு அலுவலருக்கு இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். அந்தப் பதவியை வகிக்கும் ஸுலைஹா, நிவித்திகல பேக்கரியில் வரிசை முழுவதையும் தாண்டி, கண்ணாடிப் பெட்டிக்கு மேலாகக் கையை நீட்டுகிறார்.

"நானா, மாலு பணிஸ் ரெண்டு! எனக்கு பஸ் ஈக்கி!"

பஸ் வர இன்னும் நிறைய நேரம் இருக்கிறது. வந்தாலும் சாரதிக்குப் பின்னால் உள்ள ஆசனம் அவருக்குத்தான். அதில் யாராவது இருந்தால், எழும்பும்வரை அவர்களுடைய தோளில் தன் கைப்பையைச் சாய்த்துவைப்பார். கண்டக்டரோடு சண்டைக்குச் சிங்களம், அது முடிந்ததும் முணுமுணுக்கத் தமிழ், அறிக்கை எழுத மட்டும் ஆங்கிலம்.

ஆனால் ஏதாவது வகுப்பில் யாருக்காவது இடமில்லை என்று கேள்விப்பட்டால் அவருக்குப் பணிஸ் இறங்காது. "எல்லாருக்கும் ஒரே சட்டம்!" என்று புறப்பட்டுவிடுவார், வழியில் நிற்கும் எல்லோரையும் இடித்துக்கொண்டு.

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. கொழுந்து பறிக்கும் விஜயகலாவுக்கு அந்த வேலையில் ஆசை. அதற்குப் பராமரிப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். பயிற்சி பிற்பகலில், டவுனில் உள்ள நிலையத்தில். தோட்டத்திலிருந்து ஒருவரும் வருவதில்லை.

"கதவத் தெறந்துதான வச்சிருக்கோம் மேடம்? அவங்களுக்கு ஆர்வமில்ல" என்றார் நிலையப் பொறுப்பாளர் சுதாகரன்.

ஸுலைஹா அன்றே த்ரீவீலரில் மலைக்குப் போனார். கூடையும் கையுமாக நின்ற விஜயகலாவை இழுத்துவந்து வகுப்பின் முன்வரிசையில் உட்காரவைத்தார். சமத்துவம் நிலைநாட்டப்பட்டதைக் கொண்டாட, மாலையில் ஒரு பணிஸ் கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் விஜயகலாவே சொன்னாள்: "படிச்ச பலன் ஒடனே கெடச்சிருச்சுங்க மேடம். அரைப்பேருதான் போட்டாங்க."

அந்தி நிறுவைக்கு நிற்காதவர்களுக்குப் பாதி நாள் சம்பளம்தான். ஸுலைஹா கணக்கப்பிள்ளை கந்தையாவிடம் சண்டைக்குப் போனார். கந்தையா தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரா இருந்தாலும் அரைப்பேருதாங்க. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

தன் வசனத்தை இன்னொருவர் வாயில் கேட்ட ஸுலைஹா, பார்த்தவர்கள் சாட்சியாக, சண்டையைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பிறகு நேரே சுதாகரனிடம் வந்தார்.

"வகுப்ப அந்தியில மடுவத்துக்குக் கொண்டு போங்க."

"கொழுந்து நிறுக்குற கொட்டகைக்கா? போர்ட எங்க மேடம் மாட்டுறது?"

"தராசு தொங்கிற எடத்துல போர்ட் தொங்காதா? தொறந்து வச்சீக்கிற ஒங்கட கதவுக்குக் காலா ஈக்கி, தோட்டத்துக்கு நடந்து போக? நாமதான் போகணும்."

முதல் வகுப்பன்று மழை. மடுவத்தின் ஒரு மூலையில் போர்ட், மறு மூலையில் தராசு. டீச்சர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நிறுவை முடியும்வரை காத்திருக்க முடியாது. கொழுந்தை நிறுத்து முடித்தவர்கள் சாக்கை உதறிப் போட்டு உட்கார, பாடம் தொடங்கிவிட்டது. மேட்டு மலையிலிருந்து இறங்கிய விஜயகலா நிறுவை வரிசையின் கடைசியில் நின்று, கழுத்தைப் போர்ட் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"முழுப் பேரா, படிப்பா? நீங்களே ஒண்ணச் சொல்லிருங்க மேடம்" என்றாள்.

ஸுலைஹா கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"சாக்கத் தாங்க, ஒங்கட பேருக்கே நிறுக்கிறன். போய் உக்காருங்க."

முன்னால் நின்ற பெண்களுக்கு அவரைப் பேக்கரியிலேயே பழக்கம்.

"வழி விடுங்கடி, மேடத்துக்கு பஸ் இருக்கும்!" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். சிரித்துக்கொண்டே எல்லோரும் ஒதுங்கி, தராசுவரை வழி விட்டார்கள்.

ஸுலைஹா, நனைந்த கொழுந்துச் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தன் முறை வரும்வரை வரிசையின் கடைசியிலேயே நின்றார்.