துண்டு வெட்டும் நாள்

எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதற்குப் பெயர் 'துண்டு வெட்டுவது'. பிள்ளைக்குத் துண்டு வெட்டியாயிற்று என்றால் தாய்மாரின் முகம் மலர்ந்துவிடும். அந்தக் குருநகர்க்காரிக்கு மட்டும் அழுகை வந்தது.

நான் பிள்ளைகள் வாட்டில் தாதி. வாயும் காலும் சும்மா இருக்காத பிறவி. அவளுடைய ஏழு வயது மகள் மூன்றாவது தரமாக வந்திருந்தாள். முதல் இரண்டு தரமும் சொறிப்புண். இந்தத் தரம் முகமும் வீங்கியிருந்தது. புண் சிறுநீரகத்தைப் பாதித்துவிட்டது, இனியும் விட்டால் பிள்ளை தப்பாது என்றார் டொக்டர். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"பிள்ளையைக் குளிப்பாட்டிறேல்லையோ? ஒவ்வொருமுறையும் துண்டிலை எழுதித் தந்தனான்தானே?"

வீக்கம் வடிந்து துண்டு வெட்டியபோது, என் வீட்டிலிருந்த கடைசிச் சவுக்காரக் கட்டியில் பாதியை, அழுதுகொண்டு நின்ற தாயின் கையில் திணித்தேன். சண்டையால், கொழும்பிலிருந்து சவுக்காரம் வரக்கூட அரசாங்கத் தடை இருந்த காலம் அது. நாங்களே பனம்பழத்தைப் பிசைந்துதான் உடுப்புத் தோய்த்தோம்.

பிறகும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்தாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோப்பாய்க்குப் போனேன். அவளைப்போல ஷெல்லடிக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தவர்கள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஒரு வகுப்பறைக்கு ஆறு குடும்பம். கிணற்றடியில் வாளிகள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. பார்த்த பிள்ளையெல்லாம் சொறிந்துகொண்டு நின்றது.

"சவுக்காரம் எங்கை?" என்று அவளைக் கேட்டேன்.

"நூலாலை அறுத்து எல்லாருக்கும் குடுத்திட்டன், மிசி."

"உமக்கென்ன விசரோ!"

"எல்லாப் பிள்ளையளும் ஒரு பாயிலைதானே படுக்குதுகள். என்ரையை மட்டும் கழுவி என்ன?"

சீ, தாதிக்குப் படித்த எனக்கு இதை அவள் சொல்லவேண்டியிருந்தது. என் மீதே வெறுப்பு வந்தது. அவள் உள்ளே போய், மடித்து வைத்திருந்த துண்டை எடுத்துவந்தாள்.

"தினமும் சவுக்காரம் போடச் சொல்லி எழுதியிருக்கிறியள். அது எங்கை எடுக்கலாமெண்டும் ஒருக்கா எழுதிவிடுங்கோவன்."

நக்கல் இல்லை. நம்பித்தான் கேட்டாள். பேனையைத் திறந்தேன், மூடினேன். பக்கத்தில் வந்து நின்ற மகளைப் பார்த்தேன். கண்ணிமை மறுபடியும் தடித்திருந்தது.

"ஏறு பிள்ளை," என்று சைக்கிளைத் திருப்பினேன். "ஆஸ்பத்திரிக்குப் போவம்."

தாயின் முகம் அப்போதுதான் மலர்ந்தது.