முதல் பூவைக் கிள்ளிய மருமகள்

போன செவ்வாய்க்கிழமை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிரே புடவைக் கடை முதலாளி கையைத் தட்டிக் கூப்பிட்டார். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறவர்.

"என்ன டீச்சர், ஸ்ட்ரோபெரி காய்ச்சிச்சா இல்லையா? பூத்திருச்சுன்னு எழுதினீங்க. பொறகு ரெண்டு மாசமாச் சத்தத்தையே காணோம்!"

நல்லவேளை, பஸ் வந்துவிட்டது. தப்பித்தேன்.

அவர் மட்டுமா கேட்கிறார்? கோயிலில் கேட்கிறார்கள். பென்ஷன் எடுக்கப் போன இடத்தில் கேட்கிறார்கள். நுவரெலியாவிலிருந்து பன்னிரண்டு கன்று கொண்டுவந்து, "கண்டியில் காய்க்க வைத்துக் காட்டுகிறேன்" என்று இதே இடத்தில் சவால் விட்டவள் நான்தானே! பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னால் என் மானம் கொஞ்சம் போகும்... போகட்டும்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், மகன், எட்டு மாதத்துக்கு முன் கல்யாணமாகி வந்த மருமகள். கண்டி டவுனில் கணித ஆசிரியை. பிறந்து வளர்ந்தது கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவளுடைய அம்மா இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறார். நல்ல பெண். அதிகம் பேசமாட்டாள். நான் எவ்வளவு பேசுவேன் என்பது உங்களுக்கே தெரியும்.

பல்கனியில், பழைய பெயின்ட் வாளிகளில் கன்றுகளை நட்டேன். மூன்றாவது வாரமே வெள்ளை வெள்ளையாகப் பூ! "பூ வந்தாச்சு, இனிப் பழம்தான்" என்று உடனே எழுதிவிட்டேன். மாதர் சங்கத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொன்னார்கள். ரோல்ஸுக்கும் கேக்குக்கும் ஓடர் கொடுத்தேன்.

ஞாயிறு காலை தேத்தண்ணீரும் கையுமாகப் பல்கனிக்குப் போகிறேன்... ஒரு பூ இல்லை! பன்னிரண்டு வாளியிலும் வெறும் இலை.

குரங்கு என்றுதான் முதலில் நினைத்தேன். கண்டியில் எது காணாமல் போனாலும் குரங்குதானே! ஆனால், ஓரத்தில் ஒரு கிண்ணம் நிறையப் பூ இருந்தது. குரங்கு பூவைக் கிள்ளிக் கிண்ணத்தில் போட்டு வைக்குமா?

"நாந்தான் அத்தை கிள்ளினேன்," என்றபடி வந்தாள் மருமகள். "கன்னு இன்னும் வேர்..."

நான் முடிக்க விடவில்லை.

"இது என்ன உங்க கலஹாத் தோட்டமா, கைக்கு வந்ததையெல்லாம் கிள்ளிப் போடுறதுக்கு? தோட்டத்துப் புத்தி எங்க போகும்!"

சொல்லிவிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாதர் சங்கத்தார் வந்தார்கள், ரோல்ஸ் சாப்பிட்டார்கள், இலைகளைப் பார்த்து "நல்லா இருக்கு" என்றார்கள், போனார்கள்.

அன்றிலிருந்து மருமகள் பல்கனிப் பக்கமே வரவில்லை. சண்டை போட்டாளா? இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாளா? அதுவும் இல்லை. "சரிங்க அத்தை", "வேணாங்க அத்தை", "போயிட்டு வாறேங்க அத்தை". அவ்வளவுதான். அந்த மரியாதை இருக்கிறதே... அதற்குப் பதிலாக நாலு வார்த்தை திருப்பி ஏசியிருக்கலாம்!

புதன்கிழமை, கன்று விற்ற நுவரெலியாக்காரரைப் போனில் பிடித்தேன். வேறு கன்று வேண்டும், இருந்த பூவையெல்லாம் கிள்ளிவிட்டார்கள் என்று அழாத குறையாகச் சொன்னேன்.

"யாரும்மா கிள்ளினது? நல்ல வேலை பண்ணியிருக்காங்க! நட்ட புதுசுல வாற பூவ எடுத்துறணும்மா. இல்லாட்டி கன்னோட பலமெல்லாம் பூவுக்கே போயிரும், வேர் புடிக்காது. நான்தான் சொல்ல மறந்துட்டேன்."

போனை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன்.

மன்னிப்புக் கேட்பது எப்படி என்று இந்தப் பத்தியில் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். பாராட்டிக் கடிதங்கள்கூட வந்தன. சரி, நான் போய்க் கேட்டேனா? ரொட்டி சுட்டேன். அவளுக்குப் பிடிக்குமே என்று செத்தல் மிளகாய் போட்டுக் கட்டச்சம்பலும் இடித்து வைத்தேன். சாப்பிட்டாள். கோப்பையைக் கழுவி வைத்தாள். "நல்லா இருந்துச்சுங்க அத்தை" என்றாள். போய்விட்டாள். ஊருக்குத்தான் உபதேசம்!

அடுத்த வாரம் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அம்மா, நாங்க தனியா இருக்க பேராதனையில வாடகைக்கு ஒரு அனெக்ஸ் பாத்திருக்கோம். அவளுக்கு ஸ்கூலுக்குக் கிட்ட."

எங்கே கிட்ட? கட்டுகஸ்தோட்டையை விடப் பேராதனை எப்படிக் கிட்டவாகும்? காரணம் எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இருவரும் டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வார்த்தையால் என் பிள்ளைகளை நானே வெளியே அனுப்பப்போகிறேன் என்று பயந்துபோனேன்.

அன்று பின்னேரம் அவள் அறை வாசலில் போய் நின்றேன். கொப்பி திருத்திக்கொண்டிருந்தவள் எழுந்தாள்.

"வாங்க அத்தை."

"நீ பூ கிள்ளினது சரிதானாம். கன்னுக்காரர் சொல்லிட்டாரு. நாந்தான் தெரியாம ஏசிட்டேன். மன்னிச்சுக்கம்மா."

அவள் சிவப்புப் பேனையை மூடி வைத்தாள். "பூவுக்காக ஏசினது பரவாயில்லைங்க அத்தை. எங்க அம்மாவும் ஏசும். நீங்க என் ஊரச் சொல்லி ஏசினீங்க."

நான் குறுக்கே பேசாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் அபூர்வம்.

"லீவு நாள்ல அம்மாகூட நர்சரியில உக்காந்து, தேயிலைக் கன்னுல மொட்டுக் கிள்ளியிருக்கேன். வேர் புடிக்க முன்ன பூக்க விடக்கூடாதுன்னு அங்கதான் படிச்சேன். அதையெல்லாம் நான் டவுன்ல யாருக்கும் சொன்னதில்ல. அன்னைக்குத்தான் மொத தடவையா உங்ககிட்ட சொல்ல வந்தேன்."

சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"எங்க அப்பா பொறந்ததும் ஒரு லயத்துலதாம்மா. ஹேவாஹெட்டயில."

அவள் நம்பாமல் பார்த்தாள்.

உண்மைதான். அப்பா சின்ன வயதில் கண்டிக்கு வந்து, கடையொன்றில் வேலை செய்துகொண்டே படித்து, கிளார்க் ஆனவர். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த அந்த லயத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. "எந்த ஊர்?" என்றால் "கண்டி டவுன்" என்று சொல்லச் சிறுவயதிலேயே பழகிவிட்டேன். இத்தனை வருடப் பத்தியில் டவுன் ட்ராஃபிக்கிலிருந்து என் மூட்டுவலி வரை எழுதியாயிற்று. இதை ஒரு வரி எழுதியதில்லை. மகனுக்குக்கூடச் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது. அப்பாவின் ஊரை நினைத்து அல்ல, என்னை நினைத்து.

இருவரும் அழுதோம். கொஞ்சம்தான். பிறகு அவள், "அந்த வாளியில எல்லாம் ஓட்டை போட்டீங்களா அத்தை?" என்று கேட்டாள். போடவில்லை! கண்டி மழைக்கு வேர் அழுகிப்போகாதா என்று தலையில் அடித்துக்கொண்டு பல்கனிக்கு ஓடினாள்.

அப்புறம் எல்லாம் அவள் ராஜ்ஜியம். வாளிக்கு ஓட்டை போட்டாள். பக்கவாட்டில் ஓடிய கொடிகளை வெட்டினாள். பழம் மண்ணில் படாமலிருக்க வைக்கோல் பரப்பினாள். குரங்குக்குப் பயந்து கட்டிலுக்குக் கட்டும் பழைய நுளம்பு வலையைக் கட்டினாள். நான் தண்ணீர் வாளியைத் தூக்கினால், "இலையில ஊத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று சத்தம் போடுகிறாள். மருமகள் ஏசினால் இவ்வளவு சந்தோஷமாக இருக்குமா? இருக்கிறதே!

முந்தாநாள் முதல் பறிப்பு. ஏழு பழம். நெல்லிக்காய் அளவு, நல்ல சிவப்பு, அதைவிட நல்ல புளிப்பு. மகன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு "சூப்பர்" என்றான். நாங்கள் சீனி தொட்டுத் தின்றோம். தின்றுகொண்டே அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "அந்த அனெக்ஸ் வேணான்னு சொல்லிட்டோம் அத்தை. அங்க வெயிலே படாது."

இன்னொரு பழத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"என் பேரப் போடாதீங்க அத்தை. ஊரப் போடுங்க."

போட்டிருக்கிறேன், மகளே. என் ஊரையும் சேர்த்து.